ஆறாவது கட்டம்

பாய்லர்காரர் மனைவி மாடிப்படி ஏறியதைத் தெருவில் பதினோரு பேர் பார்த்தார்கள். பன்னிரண்டாவது ஆளுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றால் மேலே பேசுவது அப்படியே காதில் விழும். அந்தக் கட்டடத்துச் சிமெண்டுக்கும் ரகசியத்துக்கும் என்றைக்குமே ஆகாது.

மேலே இருப்பது இன்சூரன்ஸ் அக்காவின் அலுவலகம். ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு கால் ஆடும் இரண்டு நாற்காலிகள், அவ்வளவுதான் அலுவலகம். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்ததா என்று முகர்ந்து பார்த்துச் சொல்வது வேலை. ஒருநாள் அவர் முகர்ந்தது கம்பெனிப் பெரிய தலையின் மைத்துனர் வீடு வரைக்கும் போய்விட, வேலையும் போய்விட்டது. இப்போது தெருக்காரர்களுக்காக முகர்கிறார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவரிடம் கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

கீழ்க்கடைக்காரனுக்குத் தெரு வைத்த பெயர் ஜெராக்ஸ். அக்காவுக்கு உதவியாளன். சம்பளம் கிடையாது, வாய் மட்டும் உண்டு. மெஷினில் காகிதம் சிக்கிக்கொள்ளும் நேரமெல்லாம் மேலே வந்து துப்பறிவான். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிக்கிக்கொள்ளும் மெஷின் அது.

பாய்லர்காரர் வழக்கு தெருவுக்கே மனப்பாடம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் பெரிய சலவை நிலையத்தில் அவருக்கு நீராவிப் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாலை ஆறு மணிக்கு அடுப்பை அணைத்து, அழுத்தம் காட்டும் முள் கீழே இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை மாலை ஆறேகாலுக்கு அந்தப் பாய்லர் வெடித்தது. பக்கத்து அறையில் கூடுதல் நேரம் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண் அங்கேயே இறந்துபோனாள். அணைத்துவிட்டு, முள் இறங்கியதைப் பார்த்துவிட்டு, ஆறு மணிக்குத்தான் கிளம்பினேன் என்கிறார் பாய்லர்காரர். அணைக்காமல் முன்பே ஓடிவிட்டார் என்கிறது நிர்வாகம். வாசல் காவலாளி எதையும் பார்க்கவில்லையாம். சம்பளம் வாங்குகிற காவலாளிகள் பொதுவாகவே எதையும் பார்ப்பதில்லை. மறுநாள் செவ்வாய் காலை பத்து மணிக்குப் போலீஸ் வீட்டுக்கு வந்து அவரை அழைத்துப் போனது. அன்றிலிருந்து உள்ளேதான் இருக்கிறார்.

ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: அன்று அவர் வீடு வந்து சேர்ந்தது எத்தனை மணிக்கு? நிலையத்திலிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷ நடை. ஆறு இருபத்தைந்து வாக்கில் வந்திருந்தால் மனுஷன் தப்பினார். முன்னால் வந்திருந்தால் ஒரு பெண் செத்ததற்கு அவரே பொறுப்பு, ஏழு வருஷத்துக்குக் குறையாது என்று இலவச வக்கீல் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருந்தார். மனைவி சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துவிட்டு ஏழு மணிக்குத்தான் வருவாள். வீட்டில் இருந்தது மகள் மட்டும். ஏழாம் வகுப்பு. கணக்கில் நூற்றுக்கு நூறுக்குக் கீழே வாங்கியதே இல்லை என்பதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் சென்டம். அப்பா ஆறு இருபத்துநாலுக்கு வந்தார் என்று அவள் சொன்னாள். மகள் அப்பாவுக்காகச் சொல்லத்தானே செய்வாள் என்று விசாரணை அதிகாரி அதை எழுதிக்கொள்ளவே இல்லை.

இன்று மூன்று மணிக்குக் கடைசி விசாரணை.

பாய்லர்காரர் மனைவி முந்தானைக்குள்ளிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். காலையில் சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்ததாம், காற்றில் பக்கம் புரளாமல் இருக்கத் தண்ணீர்ச் செம்பு மேலே வைத்து. பள்ளிக்கூடத்தில் கொடுத்த செயல்திட்டம். வீட்டில் ஒருவர் ஆறு மணிக்குப் பிறகு எத்தனை நிமிஷம் கழித்து வீடு திரும்புகிறார் என்று ஒன்பது பள்ளி நாட்கள் குறித்து, மூன்று விதச் சராசரி காண வேண்டும்.

ஒன்பது கட்டங்கள். திங்கள் 26, செவ்வாய் 24, புதன் 27, வியாழன் 25, வெள்ளி 25. அடுத்த வாரத் திங்கள், அதாவது ஆறாவது கட்டத்தில், எண் இல்லை. ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்து அடிப்பக்கம் தெரிந்தது. அப்புறம் 23, 26, 25. கீழே மூன்று வரி: கூட்டுச்சராசரி 25, இடைநிலை 25, முகடு 25. ஓரத்தில் டீச்சரின் சிவப்பு டிக்.

அந்தத் திங்கள்தான் பாய்லர் வெடித்த திங்கள்.

அழித்தது யாரென்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கும் தைரியமும் அவளுக்கு இல்லை. அழித்திருக்கிறது என்றால் அதில் ஏதோ கெட்டது இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட விரல்களில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன.

ஜெராக்ஸ் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தாளே போயிடுச்சு, இதை என் மெஷின்ல போட்டா ஓட்டையைத்தான் காப்பி எடுக்கும் என்றான்.

“எண் போனா என்ன, சராசரி இருக்கே” என்றார் அக்கா.

“அக்கா, எனக்கும் கணக்குக்கும் சராசரியான உறவுதான். நான் வாங்கின பூஜ்யத்தையும் பக்கத்து பெஞ்சுக்காரன் வாங்கின நூறையும் கூட்டி ரெண்டால வகுத்துப் பாருங்க, ரெண்டு பேரும் பாஸ். வாத்தியார்தான் ஒத்துக்கலை.”

“அதேதான்டா இது. எல்லார்கிட்ட இருக்கிறதையும் ஒரு அண்டாவுல கொட்டிச் சமமாப் பங்கு போட்டா ஆளுக்கு வர்றதுதான் கூட்டுச்சராசரி. இங்க பங்கு இருபத்தஞ்சு, நாள் ஒன்பது. அண்டாவுல மொத்தம் எவ்வளவு இருந்திருக்கணும்?”

ஜெராக்ஸ் உதட்டை அசைத்தான். இருநூற்று இருபத்தைந்து என்று வந்தது.

மிச்சம் எட்டுக் கட்டத்தையும் கூட்டச் சொன்னார் அக்கா. அவன் விரலை மடக்கிக் கூட்டினான், சட்டைப் பொத்தானைத் தொட்டுக் கூட்டினான், கடைசியில் செல்போனில் கூட்டினான். இருநூற்று ஒன்று. கழித்தால் இருபத்துநாலு.

ஜெராக்ஸ் செல்போனை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினான்.

அழிந்த கட்டத்தில் இருந்தது 24. ஆறு இருபத்துநாலு. சிறுமி முதல் நாளிலிருந்து சொன்ன அதே நேரம். அதுவும் யாரோ மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல் மாட்டிக்கொண்ட நேரம். எழுதி வைத்த சாட்சியைவிட அழித்த சாட்சிக்கு மதிப்பு அதிகம் என்பது இருபது வருஷ இன்சூரன்ஸ் பாடம். அக்காவே கொஞ்சம் சிரித்தார். அவர் சிரித்ததைத் தெருவில் பார்த்தவர்கள் குறைவு.

ஜெராக்ஸ் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினான். மெஷின் அன்றைக்கென்று சிக்கவே இல்லை. நான்கு பிரதி எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் கழித்தல் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டு, நோட்டோடு சேர்த்துப் பாய்லர்காரர் மனைவி கையில் கொடுத்தான். ஓடுங்க, வக்கீல்கிட்ட இப்பவே கொடுத்துடுங்க என்றான். அவள் ஓடினாள். இரண்டு வாரமாகத் தரையைப் பார்த்தே நடந்தவள், தெருமுனையில் காய்கறிக்காரியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். பத்தே நிமிஷத்தில் தெரு முழுக்கப் பாய்லர்காரர் விடுதலை ஆகிவிட்டார்.

ஜெராக்ஸ் மேலே வந்தபோது அக்கா தனக்கென்று வைத்துக்கொண்ட பிரதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

“ஏழாவது கட்டம் என்னடா?”

“இருபத்திமூணு.”

“கிழமை?”

“செவ்வாய்.” இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னவன் வாய் மூடுவதற்குள் நின்றுவிட்டான்.

செவ்வாய் காலை பத்து மணிக்குப் போலீஸ் அழைத்துப்போன மனுஷன், அன்று மாலை ஆறு இருபத்துமூன்றுக்கு எப்படி வீட்டுக்கு வந்தார்? புதன் இருபத்தாறு, வியாழன் இருபத்தைந்து. லாக்கப்பிலிருந்து தினமும் நடந்து வந்துவிட்டுப் போனாரா?

மூன்று கட்டம் கற்பனை. மூன்று கற்பனையைக் கூட்டிப் போட்ட சராசரி கற்பனை. அந்தச் சராசரியை வைத்துக் கழித்து எடுத்த இருபத்துநாலும் கற்பனை. அண்டாவில் மூன்று குடம் பொய்யை ஊற்றிவிட்டு, அதிலிருந்து ஒரு டம்ளர் உண்மையை மொண்டு எடுக்க முடியாது. இதை நாம் இப்போது யோசிக்கிறோம், அதிகாரி மூன்று மணிக்கு யோசிப்பார் என்றார் அக்கா. ஜெராக்ஸ் பாய்லர்காரர் மனைவிக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தாள். வக்கீல் அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. அவனை அங்கே விரட்டிவிட்டு அக்கா பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். பொய் சாட்சி போனால் போகட்டும், உண்மையே அந்த மனுஷனைக் காப்பாற்றுவதாக இருந்தால்? அந்த ஒரு இழைதான் பாக்கி.

கணக்கு டீச்சர் இடைவேளையில் திருத்திக்கொண்டிருந்தார். மேசைமேல் நாற்பத்திரண்டு நோட்டு, பக்கத்தில் ஆறிப்போன தேநீர். சென்டம் என்று பெயர் எடுத்ததும் முகம் மலர்ந்தது. பாவம் அந்தக் குழந்தை, வீட்டில் இவ்வளவு நடந்தும் வெள்ளிக்கிழமை நோட்டை வைத்துவிட்டாள், ஒன்பது கட்டமும் நிரப்பியிருந்தாள் என்றார். கட்டங்களைச் சரிபார்த்தீர்களா என்று அக்கா கேட்டார். நாற்பத்திரண்டு நோட்டில் கட்டத்தை யார் பார்ப்பது, கடைசி மூன்று வரியைப் பார்ப்பேன், காலிக் கட்டம் இருந்தால் கட்டத்துக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன் என்றார் டீச்சர். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

சுவரில் வகுப்புப் பட்டியல் தொங்கியது. எல்லார் பெயருக்கு நேராகவும் மூன்று எண்கள். சென்டம் பெயருக்கு நேராக மட்டும் மூன்றும் ஒரே எண்.

டீச்சருக்கு அதில்தான் வருத்தம். ஒரே ஒரு நாள் மட்டும் தாறுமாறாக விலகினால் கூட்டுச்சராசரி ஆடிப்போகும், வரிசையில் நடுவே நிற்கிற இடைநிலை அசையாது, அடிக்கடி வருகிற முகடும் அசையாது. அதைக் காட்டத்தான் இந்தச் செயல்திட்டமே. அப்படி ஒரு நாள் யார் நோட்டில் அகப்படுகிறதோ அவர்கள் முன்னால் வந்து வகுப்புக்கு விளக்கலாம் என்று சொல்லியிருந்தாராம்.

“அவளுக்கு அப்படி ஒண்ணு கிடைச்சுதுன்னுதான் நினைச்சேன். ஒருநாள் முதல் பீரியட்ல எழுந்து நின்னு கேட்டா, மிஸ், ஆறு மணிக்கு முன்னாடியே வந்துட்டா என்ன எழுதறதுன்னு. வகுப்புல வேற யாருக்கும் அந்தக் கேள்வி வரல. மைனஸ் போடுன்னு சொன்னேன். முகத்துல அவ்வளவு சந்தோஷம். அப்புறம் நோட்டுல பார்த்தா மூணு விடையும் இருபத்தஞ்சு, மைனஸ் வந்த மாதிரியே இல்லை.”

“என்னைக்குக் கேட்டா?”

டீச்சர் பாடக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமை.”

அக்கா எழுந்துகொண்டார். நல்ல மாணவி என்று டீச்சர் பின்னாலிருந்து இன்னொரு முறை சொன்னார்.

சென்டம் தண்ணீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் திட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் திறக்காத சாப்பாட்டு டப்பா. அக்காவைப் பார்த்ததும் ஓடவும் இல்லை, அழவும் இல்லை. கேள்வித்தாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி இருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அழிச்சதுதான் அழிச்சே, கீழ மூணு விடையையும் ஏம்மா விட்டே?”

“அதுவும் இல்லைன்னா கண்டுபிடிக்க முடியாதே, ஆன்ட்டி.”

அக்கா திரும்பிப் பார்த்தார்.

“இருபத்துநாலுன்னு எழுதியே வெச்சிருந்தா, அம்மா சொல்லிக்கொடுத்து எழுதினதும்பாங்க. நான் வாயால சொன்னதையே அவர் எழுதிக்கலை. அழிச்சிருந்தா அவங்களே கூட்டுவாங்க, அவங்களே கழிப்பாங்க. அவங்க கண்டுபிடிச்சதை அவங்க நம்புவாங்கல்ல.”

இருபது வருஷத்தில் எரிந்த கிடங்குகள், மூழ்காமலே மூழ்கிய படகுகள், செத்தும் கையெழுத்துப் போட்ட ஆட்கள் எல்லாம் பார்த்தவர் அக்கா. இப்படி ஒரு பொய்யை அவரிடம் யாரும் கொண்டுவந்ததில்லை. துப்பறிகிறவரின் பெருமையையே தூண்டிலாக்கி எறிந்திருக்கிறாள், பன்னிரண்டு வயது. அவரும் போய்க் கவ்வியிருக்கிறார்.

“அவ்வளவு யோசிச்சவ, செவ்வாய், புதன், வியாழனை விட்டுட்டியே.”

“காலியா விட்டா மூணு மார்க் போயிடும்” என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. சாப்பாட்டு டப்பா மூடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகிய கை, காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத கை.

அன்று அப்பா உண்மையில் எத்தனை மணிக்கு வந்தார் என்று அக்கா கேட்டார். அஞ்சு அம்பது என்றாள். மைனஸ் பத்து.

அணைக்க வேண்டிய நேரத்துக்கும் முன்னே வீட்டில். கிளம்பியது ஐந்து இருபத்தைந்துக்கு. பாய்லர் தன்னந்தனியாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் எரிந்திருக்கிறது. அக்காவின் கையில் இருந்த அந்த ஒரு இழையும் அறுந்தது. இத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் தெரிந்தே ஆக வேண்டும் என்கிற நோய் இருக்கிறதே, அது எங்கள் தெருவில் எல்லாருக்கும் உண்டு, அவருக்குக் கொஞ்சம் கூடுதல்.

“தினமும் இருபத்தஞ்சுக்கு வர்ற மனுஷன் அன்னைக்கு மட்டும் ஏன் சீக்கிரம் வந்தார்?”

சென்டம் டப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“எங்க அப்பாவோடது எல்லாமே ஒரே மாதிரி இருந்துச்சு. சராசரி, இடைநிலை, முகடு எல்லாம் பக்கத்துப் பக்கத்துல. எதையும் விளக்கவே முடியாது. ஒரே ஒரு நாள் சீக்கிரம் வாப்பான்னு நான்தான் கேட்டேன். ஆறு மணிக்கு முன்னாடியே வான்னு.”

“அவர் என்ன சொன்னார்?”

“சிரிச்சார். வந்துட்டார்.”

வந்தவர் கதவருகே நின்று கடிகாரத்தைக் காட்டி, போட்டுக்கோ என்றாராம். இவள் அங்கேயே உட்கார்ந்து ஆறு நாளுக்கும் கணக்குப் போட்டாளாம். இருபத்தைந்து ஐந்தில் இரண்டாக இருந்த கூட்டுச்சராசரி பத்தொன்பதரைக்கு விழுந்தது. இடைநிலை இருபத்தைந்திலேயே நின்றது. அப்பாவும் குனிந்து பார்த்து ஆச்சரியப்பட்டாராம். ஆறரை மணிக்கு யாரோ வந்து கதவைத் தட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எதற்கென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ராத்திரி அவர் திரும்பி வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். மறுநாள் டீச்சரிடம் மைனஸ் கேட்டுவிட்டு வந்தவளுக்கு, மத்தியானம்தான் தெரிந்தது.

“ரொம்ப நல்லா வந்துச்சு, ஆன்ட்டி” என்றாள் சென்டம். அப்போதுதான் அழுதாள்.

இதைப் போய் விசாரணையில் சொன்னால் என்ன ஆகும் என்று அக்கா நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மகளின் வீட்டுப்பாடத்துக்காகப் பாய்லரை விட்டு வந்தேன் என்பதை எந்தச் சட்டமும் காரணமாக ஏற்காது. தண்டனையில் ஒருநாள் குறையாது. கோப்பில் ஒரு சிறுமியின் பெயர் மட்டும் கூடும். அந்த மனுஷனும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் இரண்டு வாரமாக ஆறு மணி, ஆறு மணி என்று ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் போலிருக்கிறது.

வாசலில் பாய்லர்காரர் மனைவி எதிர்ப்பட்டாள். நோட்டைப் பார்த்து வக்கீலே துள்ளிவிட்டாராம். முன்கூட்டியே அதிகாரியிடம் சேர்த்துவிட்டாராம். குழந்தையை மூன்று மணிக்கு அழைத்து வரச் சொன்னாராம், இது என் நோட்டுதான் என்று சொல்வதற்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்க வந்திருந்தாள். தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள்.

செவ்வாய்க் கட்டம் பொய், நோட்டைத் திரும்ப வாங்கியாக வேண்டும் என்று மட்டும் அக்கா சொன்னார். அவள் நின்று யோசித்தாள். செவ்வாய், செவ்வாய் என்று இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விசாரணை அலுவலகத்து நடையில் ஜெராக்ஸ் நின்றிருந்தான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். அவன் தலையை அசைத்தான். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நீள பெஞ்சில் இறந்துபோன பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு விசாரணைக்கும் வருகிறவர். மனைவியின் கூடுதல் நேர அட்டையைக் கையில் வைத்திருப்பார், யாரும் கேட்பதில்லை. அவரைத் தாண்டிப் போகும்போது அக்கா நடையைக் குறைத்தார். இந்த ஆள் பொய்யைக் கேட்டு வீட்டுக்குப் போகட்டும் என்றுதானே காலையில் தன்னையறியாமல் வேலை பார்த்தோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேட்டால் சொல்லமாட்டார்.

உள்ளே கண்ணாடி போட்ட மேசை. அதன் மேல் நோட்டு. அதிகாரி கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். பாய்லர்காரர் இரண்டு போலீசுக்கு நடுவில் நின்றார். இரண்டு வாரத்தில் சட்டைக் கழுத்து பெரிதாகிவிட்டிருந்தது.

“இருபத்துநாலு” என்றார் அதிகாரி. வக்கீல் புன்னகை செய்தார். அதிகாரியும் தாமே கண்டுபிடித்ததுபோல் நாற்காலியில் சாய்ந்தார். சென்டம் போட்ட கணக்கு அப்படியே நடந்தது, ஒரு நிமிஷத்துக்கு. நோட்டை மூட வேண்டியதுதான் பாக்கி.

மூடுவதற்கு முன் அவர் பென்சில் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

“செவ்வாய்க்கிழமை ஆறு இருபத்திமூணுக்கு வீட்டுக்குப் போனியா நீ?”

பாய்லர்காரருக்குப் புரியவில்லை. நோட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். அவர் அந்த எண்களைப் பார்த்தார், உருண்டையான அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், கிழிந்த கட்டத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. வாசலோரம் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற மகளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

சாட்சியைப் புனைவதற்குத் தனித் தண்டனை உண்டு, இதை எழுதியது யார், எழுதச் சொன்னது யார் என்று அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்தார். வக்கீலின் புன்னகை எங்கே போனதென்று தெரியவில்லை. பாய்லர்காரர் மனைவி வாயைத் திறந்தாள். அதற்குள் பாய்லர்காரரே பேசிவிட்டார்.

“நான்தான் சொன்னேன் சார். செவ்வாய் காலையில, நீங்க வர்றதுக்கு முன்னாடி. பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்பிட்டிருந்தா. என்ன நடந்தாலும் இருபத்தஞ்சு பக்கமாவே போட்டு முடிச்சுடுன்னு சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அப்போ திங்கட்கிழமை?”

“முன்னாடியே வந்துட்டேன். அஞ்சே முக்கால், அஞ்சு அம்பது இருக்கும்.”

“ஏன்?”

“சும்மா சார். அலுப்பா இருந்துச்சு.”

பெஞ்சில் இருந்த மனிதர் எழுந்து கதவருகே வந்து நின்றதை அக்கா பார்த்தார். கையில் அந்த அட்டை.

அதிகாரி சிறுமியைப் பக்கத்தில் கூப்பிட்டார். கடுமையாக இல்லை. அவருக்கும் அந்த வயதில் ஒரு பெண் இருக்கலாம். அப்பா சொன்னதெல்லாம் உண்மையா, அவர் சொல்லித்தான் எழுதினாயா என்று கேட்டார். ஜெராக்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அக்கா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார், அதோடு நின்றுகொண்டார். சென்டம் அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை, மறுபடியும் தலை நிமிரவே இல்லை.

“ஆமா சார்” என்றாள் சென்டம். “அப்பா சொல்லித்தான் எழுதினேன்.”

அதிகாரி அதை உடனே எழுதிக்கொண்டார். இந்த முறை கால்குலேட்டரைத் தொடவில்லை.